அனுப்பப்பட்டவர் போய்ச் சேர்ந்தாரா? தென்மாவட்டப் புற்றுநோய் மையம் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

தென்மாவட்டங்களுக்கென்று ஒரு மண்டலப் புற்றுநோய் மையம் வேண்டும் என்று நாங்கள் எங்கே பேசினாலும் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கதிர்வீச்சுக் கருவிகள் இருக்கின்றன, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஊர்தோறும் பரிசோதனை நடக்கிறது, இதற்கு மேல் தனியாக ஒரு மையம் எதற்கு என்பதே அது. அதில் சொல்லப்படும் ஒவ்வொன்றும் உண்மை. ஆனாலும் அந்த மறுமொழியை என்னால் ஏற்க முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். ஏன் ஏற்க முடியவில்லை என்பதை, பணியிலும் குடும்பத்திலும் நேரில் கண்டவற்றைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

பரிசோதனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதைத்தான் இப்போது எல்லோரும் பெருமையோடு சொல்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரித்தது தமிழ்நாடு. 2023இல் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் மக்களை அழைத்துப் பரிசோதிக்கும் திட்டமும் வந்தது. இவை நல்ல வேலைகள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் மாறுபட்ட செல்கள் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். இதைச் செய்ய மருத்துவர் வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற செவிலியரே போதும். நாங்கள் செய்தோம். வெள்ளை தெரிந்தவர்களுக்குச் சீட்டு எழுதிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். நான் கையாண்ட பதிவேட்டில் அதற்கென்று ஒரு பத்தி இருந்தது: மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பத்தியை நிரப்பிவிட்டால் மாதாந்திர அறிக்கை முழுமை பெற்றுவிடும். அனுப்பப்பட்டவர் போய்ச் சேர்ந்தாரா, அங்கே என்ன செய்தார்கள், முடிவு என்ன என்று எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் இடமே கிடையாது.

ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கத்துக் கிராமங்களில் பெண்களின் பகல் பொழுது பீடித்தட்டின் முன்னால் கழிகிறது. பீடிக்கடையில் கணக்கு ஒப்படைக்காத நாளுக்குக் கூலி இல்லை. அப்படிப்பட்ட ஒரு தாய்க்கு, முகாமில் வெள்ளை தெரிந்ததால் சீட்டு கொடுத்து அனுப்பினேன். அவர் போனார். அன்று அந்தப் பிரிவுக்குரிய மருத்துவர் இல்லை, வேறொரு நாள் வரச் சொன்னார்கள். இரண்டாம் முறை போனபோது சதை எடுத்தார்கள். முடிவை வாங்க இன்னொரு நாள் வர வேண்டும் என்றார்கள். வலியும் இல்லை, உதிரப்போக்கும் இல்லை. முகாம் நாளையும் சேர்த்து மூன்று நாள் கூலி போய்விட்டது. நாலாவது நாளை அவர் செலவிடவில்லை. அந்த முடிவு ஏதோ ஓர் அலமாரியில் கிடந்தது. நெடுநாள் கழித்து உதிரப்போக்கு தாங்காமல் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, குளிர்வித்து அழிக்கும் ஒரு சிறு சிகிச்சையோடு முடிந்திருக்க வேண்டிய மாற்றம், பக்கத்து உறுப்புகளைப் பற்றிய புற்றாக வளர்ந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவரை யாரும் தேடவில்லை. தேடுவது யாருடைய வேலையும் அல்ல என்பதே அதற்குக் காரணம். முகாம் நடத்தியவர்கள் அனுப்பிவிட்டார்கள், மருத்துவமனை வரச் சொல்லிவிட்டது, ஆய்வகம் முடிவு எழுதிவிட்டது. அவரவர் பங்கு நிறைவேறிவிட்டது. அவர் மட்டும் விடுபட்டுப் போனார்.

அடுத்தது சிகிச்சை. கர்ப்பப்பை வாய்ப் புற்று ஓரளவு முற்றியிருந்தாலும் குணப்படுத்தக் கூடியதுதான். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரம் வெளிக்கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு கீமோ, அதன்பின் கருவியை உள்ளே வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. இவை அனைத்தும் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். காலம் நீள நீள நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும் என்பது உலகெங்கும் உறுதிப்பட்ட உண்மை. இதில் ஒரு பகுதி ஓர் ஊரிலும் மற்றொரு பகுதி வேறோர் ஊரிலும் கிடைத்தால், இடையில் பழுது, விடுமுறை, வரிசை என்று ஏதேனும் ஒன்று வந்தால், எட்டு வாரம் பன்னிரண்டாகும். காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது, ரயில்வே புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை தருகிறது. ஆனால் மருத்துவமனைக்கு அருகில் எட்டு வாரம் தங்கும் அறைக்கும், கூட இருப்பவர் இழக்கும் கூலிக்கும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளுக்கும் எந்த அட்டையும் இல்லை. ஊரில் ‘கரண்டு வைப்பது’ என்று சொல்லப்படும் இந்தச் சிகிச்சையைப் பாதியில் விட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று பேசும் அதிகாரிகளையும் எனக்குத் தெரியும்.

என் தங்கைக்கு மார்பகப் புற்று வந்தபோது அறுவை ஒரு மருத்துவமனையில், கீமோ இரண்டாவதில், கதிர்வீச்சு மூன்றாவதில் என்று ஆனது. ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் எடுத்த சதையை ஆய்வுக்காக மெழுகில் பதித்துவைத்த கட்டி இன்னோர் இடத்துக்கு வந்து சேராததால் மருந்து தொடங்குவது தள்ளிப்போனது. அத்தனை காகிதங்களையும் வரிசைப்படுத்திக் கேட்கும் இடத்தில் பேச, செவிலியரான அக்கா ஒருத்தி அவளுக்கு இருந்தாள். அப்படி ஒருவர் இல்லாத குடும்பம் என்ன செய்யும் என்று அப்போது நினைத்தேன். பணியில் இருந்தவரை விடை என் கண் முன்னாலேயே இருந்தது.

ஆகவே, புற்றுநோய் மையத்துக்கு நான் வகுக்கும் இலக்கணம் இதுதான்: நோயாளி வராமல் போனால், ஏன் வரவில்லை என்று கேட்கக் கடமைப்பட்ட இடம். கருவியும் கட்டடமும் அதற்குப் பின்னால் வருபவை. மருத்துவம், ஆய்வு, ஊருக்குள் இறங்கிச் செய்யும் பணி ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனத்தின் கீழ் ஏன் கேட்கிறோம் என்பதற்கும் இதுவே காரணம், ஏனெனில் மூன்றும் இந்த ஒரே கடமையின் மீதுதான் நிற்கின்றன. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு 2030க்குள் எட்டச் சொல்லும் இலக்குகளும் இதையே உணர்த்துகின்றன: பதினைந்து வயதுக்குள் 90 விழுக்காடு சிறுமியருக்குத் தடுப்பூசி, 70 விழுக்காடு பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் தரமான பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. முதலிரண்டையும் முகாம் நடத்தி எட்டிவிடலாம். மூன்றாவதைத் தேடிப் போனால்தான் எட்ட முடியும்.

வரைபடத்தை ஒரு முறை பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுப்பிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. 1975இல் மண்டலப் புற்றுநோய் மையம் என்ற ஏற்பைப் பெற்றது. மாநிலத்தின் இன்னொரு மண்டல மையமான அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கிறது. இரண்டும் மாநிலத்தின் வடகோடியில் உள்ளன. கன்னியாகுமரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அதனால்தான் குமரி மாவட்டத்தாரும் திருநெல்வேலியின் தென்பகுதியினரும் காலங்காலமாக 1981இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டல மையத்துக்குப் போகிறார்கள். அவர்களை அந்த மாநிலம் திருப்பி அனுப்பவில்லை என்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்; ஆனால் நம் மக்களைப் பக்கத்து மாநிலத்தின் நல்லெண்ணத்தில் விட்டுவைப்பதை ஒரு கொள்கையாகக் கொள்ள முடியாது. பரப்பில் நம்மைவிடச் சிறிய கேரளம், தென்கோடியில் திருவனந்தபுரம் இருந்தும், வடக்கே தலச்சேரியில் மலபார் புற்றுநோய் மையத்தையும் நடுவே கொச்சியில் இன்னொன்றையும் அமைத்திருக்கிறது. தூரம் என்பது ஒரு நோய்க்காரணி என்று அங்கே யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

இது நமக்கு இயலாது என்று யாரும் சொல்ல வேண்டாம், இதே மாநிலத்தின் தெற்கில் அது நடந்து முடிந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் உள்ள ஒரு மருத்துவமனையைக் களமாகக் கொண்டு, அடையாறு நிலையமும் கோவை பி.எஸ்.ஜி. நிறுவனமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து ஓர் ஆய்வை நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலப் பரிசோதனை செய்தார்கள். மாற்றம் தெரிந்தவர்களுக்கு மேற்பரிசோதனையும், தேவைப்பட்டவர்களுக்குக் குளிர்ச் சிகிச்சையும் தொடர்ந்து கிடைத்தன. புற்றாக மாறியவர்களையும் இறந்தவர்களையும் பதிவேடு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. 2007இல் வெளிவந்த முடிவுகளின்படி, பரிசோதிக்கப்பட்ட பகுதிகளில் மற்றப் பகுதிகளைவிட நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. நான் செய்ததும் அதே பரிசோதனைதான், அதே அமிலம்தான். அங்கே இருந்து எங்களிடம் இல்லாமற்போனது பரிசோதனைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கேட்ட ஏற்பாடு. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் அந்த ஆய்வின் ஆதாயம், அது நடந்த ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் எங்கள் பெண்களுக்கு முழுமையாக வந்து சேரவில்லை.

ஆய்வு என்றதும் அது பெருநகரத்து ஆடம்பரம், எளிய மக்களுக்கு முதலில் மருந்து கொடுங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் மோனசைட் என்னும் கதிரியக்கக் கனிமம் கலந்த மணல் இருக்கிறது, அதனால் இயற்கையாகவே கதிரியக்கம் கூடுதல். கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. இவற்றால்தான் புற்று வருகிறது என்று எங்கள் ஊர்களில் பேசாத வீடு இல்லை. அதெல்லாம் வதந்தி என்று மறுக்காத அறிக்கையும் இல்லை. கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் இதே மணல், இதே அச்சம். அங்கே திருவனந்தபுரம் மையம் ஒரு பதிவேட்டை நிறுவி, வீடுவீடாகக் கதிரளவை அளந்து, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தது. அந்தக் கதிரளவால் புற்று கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் முடிவை வெளியிட்டது. அச்சப்பட்டவர்கள் எல்லோரும் அதோடு அமைதியாகிவிட்டார்களா என்பது வேறு விஷயம். கையில் எடுத்துப் பேச ஓர் எண்ணாவது அவர்களுக்குக் கிடைத்தது. மாநிலம் தழுவிய புற்றுநோய்ப் பதிவேடு நமக்கும் இருக்கிறது. ஆனால் எங்கள் கடற்கரையில் எந்தப் புற்று, எந்த வயதில், எந்தத் தொழில் செய்வோரிடம் கூடுகிறது என்பதை எங்கள் நடுவில் இருந்துகொண்டே ஆண்டுதோறும் ஆராய்ந்து, அதை எங்கள் மொழியில் எங்களிடமே வந்து சொல்லும் பொறுப்பு தெற்கில் உள்ள எந்த நிறுவனத்துக்கும் தரப்படவில்லை.

குணப்படுத்த முடியாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாக்கில் புற்று வந்த ஒரு மீனவரின் வீட்டுக்கு நான் போய்வந்துகொண்டிருந்தேன். வலிக்கு அவருக்குத் தேவைப்பட்டது மார்ஃபின் மாத்திரை. அது விலை உயர்ந்த மருந்தே அல்ல. போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, மருத்துவ நிறுவனங்கள் அதை வாங்கி வைப்பதற்கான நடைமுறையும் எளிதாக்கப்பட்டுவிட்டது. இருந்தும் அருகில் இருந்த மருத்துவமனையில் அது கிடையாது. அவர் மனைவி மாத்திரைக்காக மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் போய் வருவார். போய் வர முடியாத நாட்களில் கணவர் கத்துவது தெருவுக்கே கேட்கும். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் தன்னார்வலர்களையும் செவிலியர்களையும் கொண்டு இதே மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டியது. நம்மிடம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் இருக்கிறது, வீட்டுக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். மருந்தும், அதை எழுதித்தர அதிகாரம் பெற்ற மருத்துவரும், அவர்களோடு இணைக்கப்பட்ட ஒரு மையமும் மட்டும் குறைகின்றன.

பணமும் ஆட்களும் எங்கே என்று கேட்பீர்கள். நம்மைவிட வசதி குறைந்த அசாம் மாநிலம், டாடா அறக்கட்டளையோடு சேர்ந்து உச்ச நிலை மையம், மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிய மையங்கள், மாவட்ட அளவிலான சிறு மையங்கள் என்று மூன்று படிநிலைகளில் ஒரு வலையைத் திட்டமிட்டு, 2022 ஏப்ரலில் ஏழு மருத்துவமனைகளை ஒரே நாளில் திறந்தது. நமக்கு அத்தனை புதிய கட்டடங்கள்கூடத் தேவையில்லை. மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கின்றன, கருவிகள் வந்திருக்கின்றன. மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதையும் அதன் பிறகு ஆண்டுகள் கழிந்த விதத்தையும் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே இன்னோர் அடிக்கல்லை நான் கேட்கவில்லை.

நான் கேட்பவை இவை. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் ஆகிய ஆறு மாவட்டங்களின் புற்றுநோய்ப் பணி முழுவதற்கும் பொறுப்பேற்கும் ஒரு மண்டல மையத்தை, ஏற்கெனவே இயங்கும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தலைமையிடமாகக் கொண்டு, தனி இயக்குநர், தனி நிதி, தனிப் பணியிடங்களோடு அரசாணை மூலம் நிறுவுங்கள். எந்த ஊர் என்பது எனக்குப் பொருட்டல்ல. அந்தச் சண்டையில் பத்தாண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. அறுவை, கீமோ, வெளிக்கதிர்வீச்சு, உள்கதிர்வீச்சு, நோய்க்குறியியல் ஆய்வகம் ஆகியவை ஒரே நோயாளிக்கு ஒரே கோப்பின் கீழ், ஒரே குழுவின் முடிவின்படி கிடைக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து வாரக்கணக்கில் சிகிச்சை பெறுவோருக்கும் உடனிருப்போருக்கும் கட்டணமில்லாத் தங்குமிடம் வளாகத்திலேயே இருக்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் இழக்கும் கூலிக்கு ஓர் உதவித்தொகையும் வேண்டும்.

கட்டடத்துக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைத்தான் மிகவும் வலியுறுத்துகிறேன். பின்தொடர்தலை மட்டுமே பணியாகக் கொண்ட செவிலியர்களை வட்டாரந்தோறும் அமர்த்துங்கள். பரிசோதனையில் மாற்றம் தெரிந்த ஒவ்வொருவரும், சிகிச்சை தொடங்கிய ஒவ்வொருவரும் அவர்களுடைய பட்டியலில் இருக்க வேண்டும். குறித்த நாளில் வராதவரின் வீட்டுக்கு அந்த வாரமே ஒருவர் போக வேண்டும். பதிவேட்டில் ‘அனுப்பப்பட்டார்’ என்பதற்கு அடுத்து ‘சென்றடைந்தார்’, ‘முடிவு பெற்றார்’, ‘சிகிச்சை முடித்தார்’ என்று மூன்று பத்திகளைச் சேர்த்து, மாவட்ட அலுவலர்களின் பணியை முகாம்களின் எண்ணிக்கையால் அளக்காமல் அந்த மூன்று பத்திகளால் அளந்து பாருங்கள். இதற்கு ஓர் ஆணை போதும்.

வட்ட அளவிலான ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் வாய்வழி மார்ஃபின் இருப்பில் இருப்பதையும், அதை எழுதித்தரப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது அங்கே பணியில் இருப்பதையும் உறுதி செய்யுங்கள். மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டின் ஆறு மாவட்டத் தரவுகளை இந்த மையத்தின் பொறுப்பில் ஆராய்ந்து, எத்தனை பேருக்கு நோய் கண்டறியப்பட்டது, எந்த நிலையில், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடச் செய்யுங்கள்; கடலோரக் கதிரியக்கம் பற்றிய கேள்வியை அந்த ஆய்வின் முதல் பணிகளுள் ஒன்றாக வையுங்கள்.

இந்த மையத்தைத் திட்டமிடும் குழுவில் மருத்துவர்களோடும் பொறியாளர்களோடும், பணியில் இருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் சிகிச்சை முடித்த நோயாளிகளுக்கும் வாக்குரிமையுள்ள இடம் கொடுங்கள். இக்கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள், மறுப்பவற்றுக்கு என்ன காரணம் என்பதை அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக எழுத்தில் பொதுமக்களுக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்